வீட்டில் சீசர் சாலட்: முதலில் இலையைக் கவனியுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெளியே சாப்பிட்ட சீசர் சாலட் (லெட்டூஸ் இலையை முட்டை, எண்ணெய், சீஸ் சேர்ந்த டிரெஸ்ஸிங் என்ற கெட்டியான சாஸில் புரட்டி, வறுத்த ரொட்டித் துண்டு போட்டுத் தருவது) பிடித்துப்போய் வீட்டில் மூன்று தடவை முயன்றிருக்கிறீர்கள். முதல் தடவை டிரெஸ்ஸிங் திரிந்து எண்ணெய் தனியாக மிதந்தது, இரண்டாம் தடவை எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு அடித்ததில் கசந்தது, மூன்றாம் தடவை டிரெஸ்ஸிங் நன்றாக வந்தும் பத்து நிமிடத்தில் தட்டு முழுக்கத் தண்ணீர் விட்டுவிட்டது. பச்சை முட்டை போடலாமா, ஆன்சோவி என்ற உப்பில் ஊறிய மீன் கட்டாயமா, கடை மயோனைஸ் வைத்துச் செய்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேருக்குச் செய்யப் போகிறீர்கள்.

நான் ஆறு வருடம் ஹோட்டல் சமையலறையில் சாலட், சாண்ட்விச் போன்ற குளிர் பதார்த்தங்கள் செய்யும் பிரிவில் இருந்தவன். ஒரு நாளைக்கு நாற்பது சீசர் சாலட் வரை கலந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் மூன்று தோல்விகளில் மூன்றாவதுதான் முக்கியமானது. திரிந்த டிரெஸ்ஸிங்கை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். ஈரமான இலையை, கலந்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லோரும் டிரெஸ்ஸிங்குக்கே அரை மணி நேரம் செலவழித்துவிட்டு இலையைக் குழாயில் காட்டி இரண்டு உதறு உதறிப் போட்டுவிடுகிறார்கள். இந்தச் சாலட்டில் பெரும் பங்கு இலைதான், அதற்குரிய நேரத்தை அதற்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கலந்து வைத்த ஒரு தட்டை எங்கள் தலைமைச் சமையல்காரர் கையில் எடுத்தார். ருசி பார்க்கவில்லை. தட்டை லேசாக ஒரு பக்கம் சாய்த்தார், அவ்வளவுதான். அடியிலிருந்து வெள்ளை கலந்த தண்ணீர் மெதுவாக ஊர்ந்து வந்து தட்டின் விளிம்பில் ஒரு கரண்டி அளவுக்குத் தேங்கி நின்றது. "இது உன் டிரெஸ்ஸிங். இலையில் இருக்க வேண்டியது இங்கே இருக்கிறது" என்றார். அன்றிலிருந்து எந்தச் சாலட்டையும் நான் சாய்த்துப் பார்க்காமல் வெளியே அனுப்பியதில்லை. நீங்களும் ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள், பிரச்சினை எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

செய்முறைக்குப் போகும் முன் இது எங்கே பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி சந்தேகங்களுக்கு அதிலேயே பதில் இருக்கிறது. ரோமாபுரி ஜூலியஸ் சீசருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1896இல் வட இத்தாலியில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த சீசர் கார்டினி என்ற உணவக முதலாளியின் பெயர் இது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்ததால், சான் டியாகோவை ஒட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெக்சிகோவின் டிஹுவானா நகரத்துக்குக் குடிக்கவும் சாப்பிடவும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கார்டினி அங்கே கடை போட்டார். 1924 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று கூட்டம் தாங்காமல் சமையலறையில் சரக்கு தீர்ந்துபோக, இருந்த ரோமெய்ன் என்ற லெட்டூஸ் இலை, முட்டை, ரொட்டி, பார்மேசன் சீஸ், எண்ணெய் இவற்றை வைத்து விருந்தாளிகளின் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று கலந்து கொடுத்தார் என்பது அவர் மகள் ரோசா சொல்லி வந்த கதை. அவர் தம்பி அலெக்ஸ் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார், அந்தக் கடையில் வேலை பார்த்த லிவியோ சான்டினி என்பவரும் இது தன் அம்மாவின் கைப்பக்குவம் என்றார். யார் சொல்வது சரி என்ற சண்டை ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியம், கலந்த விதம். அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்ட் சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் அங்கே போய், கார்டினியே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணெதிரே கலந்ததைப் பார்த்தவர். பிற்பாடு பிரபலமான பிறகு ரோசாவிடமே கேட்டுச் செய்முறையை எழுதிவைத்தார். அந்தச் சாலட்டில் இலைகள் நறுக்கப்படவே இல்லை. உள்ளிலைகளை முழுசாக வைத்து, தண்டைப் பிடித்துக் கையால் எடுத்துச் சாப்பிடும்படி செய்திருந்தார்கள். டிரெஸ்ஸிங் தனியாகச் செய்து பாட்டிலில் வைக்கப்பட்ட பொருளும் அல்ல, எல்லாம் கிண்ணத்துக்குள்ளேயே, சாப்பிடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு சேர்ந்தது. கலந்ததும் சாப்பிட வேண்டிய பண்டம் இது, அப்பளத்தைப் போல.

சரி, இலைக்கு வருவோம். நீங்கள் எந்த இலை வாங்கினீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் தண்ணீர் விட்ட வேகத்தைப் பார்த்தால் முட்டைக்கோஸ் மாதிரி உருண்டையாக இருக்கும் ஐஸ்பெர்க் என்று நினைக்கிறேன். இதற்கு வேண்டியது ரோமெய்ன். நீளமாக, நடுவில் தடித்த வெள்ளைத் தண்டோடு இருக்கும். சில கடைகளில் காஸ் என்ற பெயரிலும் கிடைக்கும். அந்தத் தண்டுதான் கனமான டிரெஸ்ஸிங்கைத் தாங்கிக்கொண்டு கடிக்கும்போது நொறுக்கென்று உடையும், இலைப்பகுதியின் சுருக்கங்களில் டிரெஸ்ஸிங் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். வெயில் காலத்தில் வருகிற இலையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டும் பாருங்கள், சூட்டில் வளர்ந்த லெட்டூஸ் பூக்கத் தயாராகி, வெட்டினால் பால் கசிந்து கசக்கும். அந்தக் கசப்பை எந்த டிரெஸ்ஸிங்காலும் மறைக்க முடியாது. நான்கு பேருக்குப் பெரிய ரோமெய்ன் கொத்து இரண்டு போதும், வெளி இலைகளை எடுத்துவிட்டால் உள்ளே முந்நூறு கிராம் தேறும். எடுத்த வெளி இலைகளைத் தூக்கிப் போட வேண்டாம், பூண்டு தட்டிப்போட்டு வதக்கினால் நன்றாக இருக்கும்.

இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, மண் போக இரண்டு தண்ணீரில் அலசிவிட்டு, மூன்றாவதாக ஐஸ் கட்டி போட்ட குடிதண்ணீரில் பதினைந்து நிமிடம் மூழ்க வையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. பறித்த இலையில் செல்களுக்குள் இருக்கும் நீர் குறைந்துகொண்டே வரும், அதனால்தான் துவளும். குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும்போது செல்கள் நீரை உறிஞ்சித் திரும்ப விறைத்துக்கொள்ளும். கையில் பிடித்தால் தொங்கிய இலை, கால் மணி நேரத்தில் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கடைசித் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும் என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன், சமைக்காமல் சாப்பிடுகிற இலை இது. 2018இல் அமெரிக்காவில் ரோமெய்ன் வழியாக ஈ.கோலை கிருமி பரவி, அந்த வருடம் நவம்பரில் எங்கேயும் யாரும் ரோமெய்னே சாப்பிட வேண்டாம் என்று அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் எச்சரிக்க வேண்டிவந்தது. கழுவினால் கிருமி முழுவதும் போய்விடாது, ஆனால் அழுக்குத் தண்ணீரில் கழுவி நாமே கிருமியைச் சேர்க்காமல் இருக்கலாம்.

அடுத்து ஈரம் போக்குவது. நேரம் இல்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இலை மேல் இருக்கும் மெல்லிய ஈரப்படலம்கூடத் தண்ணீர்தான் என்பது கலக்கும்போது மறந்துபோகிறது. ஈர இலையில் விழுந்த டிரெஸ்ஸிங் வழுக்கி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே வெறும் இலைதான் மிஞ்சும். சாலட் சுழற்றும் பாத்திரம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மூன்று தடவை சுற்றுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான பருத்தித் துண்டில் இலைகளைப் போட்டு, நான்கு முனைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நின்று கையை வட்டமாக வேகமாகச் சுழற்றுங்கள். பத்துச் சுற்றில் துண்டு நனைந்துவிடும், காய்ந்த துண்டு மாற்றி இன்னொரு தடவை. பிறகு உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றி ஃப்ரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம். எடுக்கும்போது இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்க வேண்டும், ஆனால் கன்னம் ஈரமாகக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் கலந்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் தண்ணீர் விடும். டிரெஸ்ஸிங்கில் ஆன்சோவி, பார்மேசன் இரண்டும் உப்பு, அந்த உப்பு இலையின் செல்களுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். வெங்காயப் பச்சடிக்கு உப்புப் போட்டு வைத்தால் நடப்பதேதான். நீங்கள் பத்து நிமிடம் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், தட்டு தண்ணீர் விட்டதற்குப் பாதி காரணம் ஈரம், பாதி காரணம் இந்த உப்பு.

இப்போது டிரெஸ்ஸிங். நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். ஒரு முட்டை மஞ்சள் கரு, எண்ணெயில் போட்ட ஆன்சோவி துண்டு நான்கு, பூண்டு ஒரு சின்னப் பல், டிஜோன் கடுகு விழுது ஒரு டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி தொடங்கி ஒன்றரை வரை, வூஸ்டர் சாஸ் ஒரு டீஸ்பூன், வாசனை இல்லாத சூரியகாந்தி எண்ணெய் அறுபது மில்லி, எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் நாற்பது மில்லி, பொடியாகத் துருவிய பார்மேசன் முப்பது கிராம், அப்போது பொடித்த மிளகு. பூண்டு நசுக்க ஒரு சிட்டிகை கல் உப்பு போதும், வேறு உப்பு தனியாகத் தேவைப்படாது, கடைசியில் ருசி பார்த்து முடிவு செய்யலாம்.

எலுமிச்சையைப் பற்றி ஒன்று. ஆங்கிலச் செய்முறைகளில் சொல்வது பெரிய மஞ்சள் பழம், நம்முடைய சின்னப் பழம் அதைவிடக் காரமான புளிப்பு, அதே அளவு ஊற்றினால் தூக்கிவிடும். ஆனால் மெக்சிகோவில் லிமோன் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் தருவது நம் ஊர் எலுமிச்சையின் இனமான அந்தச் சின்னப் பழம்தான். அதனால் நம் பழத்தைப் போட்டால் தப்பாகிவிடுமோ என்று தயங்க வேண்டியதே இல்லை, அளவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்சோவி கட்டாயமா என்று கேட்டீர்கள். ரோசா சொன்ன முதல் செய்முறையில் ஆன்சோவி தனியாக இல்லை. ஆனால் வூஸ்டர் சாஸ் இருந்தது, அதற்குள் ஆன்சோவி இருக்கிறது. 1837 முதல் விற்பனையில் இருக்கும் லீ அண்ட் பெரின்ஸ் பாட்டிலைத் திருப்பிச் சேர்மானத்தைப் படித்துப் பாருங்கள், வினிகர், வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு, ஆன்சோவி, கூடவே புளி. ஆமாம், நம் புளிதான். அந்த ஆழமான புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆன்சோவி மீன் என்பதும் நம் நெத்திலியின் குடும்பம்தான், ஆனால் அதற்காக நெத்திலிக் கருவாட்டைப் பொடித்துப் போட்டுவிடாதீர்கள். கருவாடு வெயிலில் காய்ந்தது. ஆன்சோவியை மாதக்கணக்கில் உப்புக்குள் அடுக்கி வைக்கிறார்கள், மீனுக்குள் இருக்கும் நொதிகளே புரதத்தை உடைத்து, சதை பழுப்புச் சிவப்பாகி, வாயில் வைத்தால் கரையும் பதத்துக்கு வந்துவிடும். மீன் வாடை அடங்கி, சாற்றில் ஊறிய கறியில் வருகிற மாதிரி ஒரு ருசி மேலே வரும். கருவாட்டின் மணம் அருமையானது, அது இந்த இடத்துக்கு உரியது இல்லை. ஆன்சோவி கிடைக்காவிட்டால் தாய்லாந்து மீன் சாஸ் அரை டீஸ்பூன் விடுங்கள். அதுவும் ஆன்சோவி வகை மீனை உப்பில் ஊறவைத்து இறக்கியதுதான், சுத்தமாகப் பொருந்தும். என் விருப்பம், ஆன்சோவி போடுவது. மீனே பிடிக்காது என்று சொல்பவர்கள்கூட இதில் மீன் இருப்பதைக் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் பந்தியில் இருந்தால் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தெரியாமல் பரிமாறுவது பெரிய தவறு. அவர்களுக்கு ஆன்சோவியும் வூஸ்டர் சாஸும் இல்லாமல், கேப்பர் என்ற செடியின் ஊறவைத்த மொக்கு ஒரு டீஸ்பூன் நசுக்கிப் போட்டு, சோயா சாஸ் சில சொட்டு விட்டுத் தனியாகச் செய்யலாம். பார்மேசனிலும் கவனம் வேண்டும், இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறைய வைத்தது. சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போட்ட பார்மேசன் பார்த்து வாங்குங்கள்.

பச்சை முட்டைக்கு என் பதில் தெளிவானது. கார்டினி முட்டையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து உடைத்தார் என்பார்கள். அந்த ஒரு நிமிடம் வெள்ளைக் கருவின் ஓரத்தைத்தான் வெளுக்க வைக்கும், உள்ளே இருக்கும் சால்மொனெல்லா கிருமியை ஒன்றும் செய்யாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் ஓராண்டுக்குத் தடை போட்டதற்கும் இதே பயம்தான் காரணம், அதற்கு முன்பே 2024இல் தெலங்கானாவும் தடை செய்திருந்தது. வீட்டில் நீங்கள் இரண்டு பேர், முட்டை புதியது, உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் அது உங்கள் முடிவு. ஆனால் எட்டுப் பேர் வருகிறார்கள், அதில் குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் யாராவது இருக்கலாம். அவர்களுக்குப் பச்சை முட்டையை நான் தரமாட்டேன்.

வெந்த மஞ்சள் கருவிலேயே இதைச் செய்யலாம், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு வழி இருக்கிறது. எட்டுப் பேருக்குச் செய்யும்போது இரண்டு மஞ்சள் கரு, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துச் சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் ஊற்றி, லேசாகக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். நுரை அடங்கிக் கரண்டியில் பூசினாற்போல் பிடிக்கும்போது சூடு எழுபது டிகிரியைத் தாண்டியிருக்கும். சமையல் வெப்பமானி இருந்தால் எழுபத்தொன்று காட்டியதும் எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் கிண்ணத்தை இறக்கி ஆறவிடுங்கள். கொஞ்சம் அசந்தால் பொடிமாஸ் ஆகிவிடும், அதனால் முதல் தடவை செய்பவர்களுக்கு இரண்டாவது வழியைச் சொல்வேன். முட்டையைப் பத்து நிமிடம் நன்றாக வேகவைத்து, மஞ்சள் கருவை மட்டும் வடிகட்டியில் தேய்த்து மாவாக்கி, கடுகு விழுதும் ஒரு டீஸ்பூன் தண்ணீரும் விட்டுக் குழைத்தால் அதுவும் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் கிரிபீஷ் என்று ஒரு சாஸை வெந்த மஞ்சள் கருவில்தான் செய்கிறார்கள்.

இனிச் சேர்க்கும் வரிசை. பூண்டையும் ஆன்சோவியையும் சின்ன இடி உரலில் போட்டு, ஒரு சிட்டிகை கல் உப்போடு துவையல் மாதிரி மையாக நசுக்குங்கள். பூண்டு துண்டாக நின்றால் ஒரு வாய் காரமும் ஒரு வாய் வெறுமையுமாக இருக்கும். இதைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, மஞ்சள் கரு, கடுகு விழுது, வூஸ்டர் சாஸ், பாதி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்குங்கள். வெப்பமானி வழியில் செய்தவர்களுக்குச் சாறு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, மறுபடி விட வேண்டாம். கிண்ணத்தின் அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வட்டமாக வைத்தால் அது நகராது, ஒரு கை எண்ணெய்க்கும் ஒரு கை அடிப்பதற்கும் கிடைக்கும். முதலில் சூரியகாந்தி எண்ணெய். முதல் இரண்டு மேசைக்கரண்டியைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். சொட்டு விழுந்து மறைந்த பிறகு அடுத்த சொட்டு. உங்கள் முதல் தடவை திரிந்ததற்குக் காரணம் இந்த இடத்தில் அவசரப்பட்டதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் எண்ணெய்த் துளி ஒவ்வொன்றையும் சுற்றிப் போர்த்திக்கொண்டு, துளிகள் ஒன்றோடு ஒன்று சேராமல் பார்த்துக்கொள்கிறது. மொத்தமாக ஊற்றினால் போர்த்த அவகாசம் இல்லை, துளிகள் கூடி எண்ணெயாகப் பிரிந்துவிடும். சொட்டு விடும்போது கவனித்தால் ஓரிடத்தில் மாற்றம் தெரியும். அதுவரை சளசளவென்று கேட்ட சத்தம் மந்தமாகும், மஞ்சள் நிறம் வெளிறும், அடிக்கும் கம்பி போன தடம் ஒரு கணம் அழியாமல் நிற்கும். அது பிடித்துவிட்டதற்கு அடையாளம், அதன் பிறகு நூல் மாதிரி ஊற்றலாம்.

ஆலிவ் எண்ணெய் கடைசியில், கையால் மட்டுமே. நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயில் இயல்பாகவே கசப்புப் பொருட்கள் உண்டு, மிக்சியின் பிளேடு வேகத்தில் அடிபடும்போது அவை மேலே வந்து டிரெஸ்ஸிங் முழுக்கக் கசக்கும். உங்கள் இரண்டாம் தடவை நடந்தது இதுதான், எண்ணெய் கெட்டுப்போனது என்று பாட்டிலைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மிக்சிதான் வேண்டும் என்றால் சூரியகாந்தி எண்ணெய் வரை அதில் அடித்துவிட்டு, கிண்ணத்துக்கு மாற்றி ஆலிவ் எண்ணெயைக் கையால் சேருங்கள். திரிந்துவிட்டால் பதற வேண்டாம். சுத்தமான வேறு கிண்ணத்தில் அரை டீஸ்பூன் கடுகு விழுதும் ஒரு டீஸ்பூன் தண்ணீரும் வைத்து, திரிந்ததை அதில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அடித்தால் திரும்பக் கூடிவிடும். கடைசியாகப் பார்மேசன், மிளகு, மீதி எலுமிச்சைச் சாறு. தோசை மாவுப் பதம் வேண்டும், கெட்டியாக இருந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். ருசியை விரலில் தொட்டுப் பார்க்காதீர்கள், ஒரு இலையை நனைத்துப் பாருங்கள். தனியாக நக்கினால் உப்பாகத் தெரிவது இலையோடு சரியாக இருக்கும்.

ரொட்டித் துண்டுக்கு இனிப்பான மில்க் பிரெட் வேண்டாம். சர்க்கரை சேராத, ஒரு நாள் பழைய ரொட்டி நூற்றைம்பது கிராம் எடுத்து, கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துக்கொள்ளுங்கள், பிய்த்த கரடுமுரடில்தான் மொறுமொறுப்பு வரும். மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு லேசாகச் சூடாக்கி, பத்து நிமிடம் விட்டு, பூண்டை எடுத்துவிட்டு ரொட்டியில் பிசறுங்கள். பூண்டு உள்ளேயே இருந்தால் கருகும். 180 டிகிரி ஓவனில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், நடுவில் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லில் சின்னத் தீயில் பொறுமையாகப் புரட்டலாம். இந்தப் பூண்டு எண்ணெயை மிச்சம் பிடித்து வெளியே வைக்காதீர்கள், காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டு கிடந்தால் போட்டுலிசம் உண்டாக்கும் கிருமி வளர இடம் கொடுக்கும், அது உயிருக்கே ஆபத்து. அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

பார்மேசனுக்கு ஒரே ஒரு வார்த்தை: பொடியாக டப்பாவில் வருவதை விட்டுவிட்டு, சின்னதாக இருந்தாலும் கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

கடை மயோனைஸ் வைத்துச் செய்தால் என்ன? தப்பில்லை, வார நாள் ராத்திரிக்கு நானே செய்வேன். பாக்கெட்டில் வருவதில் முட்டை பாஸ்சரைஸ் செய்யப்பட்டிருந்தால், அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டிருந்தால், அந்தப் பயமும் இல்லை. ஆனால் இங்கே அதிகம் விற்கும் முட்டையில்லாத மயோனைஸ் பலவற்றில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், சீசர் சாலட்டில் இனிப்பு தட்டினால் எல்லாமே கெட்டுவிடும். இனிப்பில்லாததாகத் தேடி, கால் கப் மயோனைஸில் ஆன்சோவி, பூண்டு விழுது, எலுமிச்சை, வூஸ்டர் சாஸ், பார்மேசன் சேர்த்துத் தண்ணீரால் இளக்கிக்கொள்ளுங்கள். வறுத்த கோழி சேர்ப்பது பிற்பாடு வந்த பழக்கம், சாப்பாடாகவே வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் முழுக்க ஆறிய பிறகு, மேலே. சூட்டோடு வைத்தால் அடியில் இருக்கும் இலை துவண்டுவிடும். தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம் வேண்டாம். தக்காளியும் வெள்ளரியும் தண்ணீர் விடும், இவ்வளவு பாடுபட்டு இலையைக் காய வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், டிரெஸ்ஸிங்குக்கான பூண்டை மட்டும் ஒன்றரைப் பல்லோடு நிறுத்துங்கள். காலையிலேயே இலையை அலசி, ஈரம் போக்கி, துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடலாம், சாயங்காலம் வரை தாங்கும். ரொட்டியை மத்தியானம் வறுத்து, முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் போட்டு மூடுங்கள். டிரெஸ்ஸிங்கை ஒரு மணி நேரம் முன்பு செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். கலக்கும் கிண்ணத்தையும் பத்து நிமிடம் உள்ளே வைத்தால் நல்லது. எட்டுப் பேருக்கானதை ஒரே கிண்ணத்தில் கலக்க முயலாதீர்கள், இடம் போதாமல் இலை நசுங்கும், நான்கு பேருக்கு ஒரு தடவையாக இரண்டு தடவை கலக்குங்கள். டிரெஸ்ஸிங்கை இலை மேல் ஊற்றுவதைவிடக் கிண்ணத்தின் பக்கவாட்டில் பூசி, அதன் மேல் இலையைப் போட்டு, இரண்டு கையாலும் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டினால் ஒரே சீராகப் பூசும். மொத்தத்தையும் கொட்ட வேண்டாம், செய்ததில் மூன்றில் இரண்டு பங்கில் தொடங்குங்கள், ஒவ்வொரு இலையிலும் மெல்லிய பூச்சு தெரிந்தால் போதும். ரொட்டித் துண்டைக் கடைசி நான்கு புரட்டலுக்கு முன்தான் சேர்க்க வேண்டும். தட்டில் வைத்த பிறகு காய் சீவும் கத்தியால் பார்மேசனை ஏடு ஏடாகச் சீவிப் போட்டு, மிளகை மேலே பொடியுங்கள். சின்ன உள்ளிலைகள் நிறையக் கிடைத்தால் டிஹுவானாவில் செய்தது போல நறுக்காமல் முழுசாக வையுங்கள், கையால் எடுத்துச் சாப்பிடட்டும். எல்லோரும் வந்து உட்கார்ந்து, தண்ணீர் டம்ளர் வரைக்கும் வைத்தாகிவிட்டது என்ற பிறகு இலையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள்.

மிஞ்சிய டிரெஸ்ஸிங், வெந்த கருவில் செய்ததாக இருந்தால், ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். மறுநாள் வேகவைத்த உருளைக்கிழங்கில் பிசறிப் பாருங்கள்.